‘இந்தா வந்துட்டேன்’ சுதாகரன்

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற சுதாகரனிடம் சிகரெட் இல்லை, சாராயம் இல்லை, வெற்றிலைகூடத் திருவிழாவுக்கு மட்டுந்தான். ஆனால் போனில் யாராவது, "எங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், வாயைத் திறந்தால் பொய்தான். ஹட்டனில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே, "இந்தா வந்துட்டேன், கோயில் வளைவுல" என்பான். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒங்க வாசல்லதாங்க திருப்புறேன்" என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த மலையில் எந்த ஆட்டோக்காரன் தான் இருக்கிற இடத்தை உள்ளபடி சொல்லியிருக்கிறான்? சொன்னால் ஆள் வேறு ஆட்டோவில் ஏறிப் போய்விடுவான், அப்புறம் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும்.

இந்தப் பொய்தான் அவனுடைய ஒரே தங்கச்சி வினோதாவின் வீட்டு வாசலை அவனுக்கு அடைத்துப் போட்டது.

வினோதாவின் மூத்தவள் லக்‌ஷிகாவுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். காது குத்தென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடிக்காக வெட்டுக்குத்துவரை போன குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. மருமகளுக்குத் தோடு வாங்க விடியக்காலையிலேயே ஹட்டனுக்குப் போன சுதாகரன், திரும்பும்போது நோர்வூட்டில் மாட்டிக்கொண்டான். கொழுந்து லொறி ஒன்று ரோட்டை அடைத்துக் குடைசாய்ந்து கிடந்தது. வினோதாவின் புருஷன் கிஷாந்த் போனில் கூப்பிட்டான்.

"மச்சான், எங்க வர்றீங்க?"

"இந்தா மாப்ள, கோயில் வளைவுல."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டான்.

"வந்துட்டேன் மாப்ள, லயத்துக்குக் கீழதான் நிக்கிறேன்."

கிஷாந்த் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடிப் போய்ப் பார்த்தான். லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ஒரு கோழிதான் நின்றது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியும் கையுமாக முறைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கிஷாந்த் தன் சித்தப்பா மகன் மதுரனைப் பாயில் உட்கார வைத்து, பிள்ளையை அவன் மடியில் போட்டுக் காதைக் குத்தி முடித்துவிட்டான்.

சுதாகரன் தோட்டோடு வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. "நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன், எம் மருமகள இன்னொருத்தன் மடியில ஒக்கார வச்சிட்டீங்களே!" என்று கூரை அதிரக் கத்தினான். வினோதா அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்து கிஷாந்த், "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடையாதும்பாங்க" என்று முணுமுணுத்தான். பழமொழிதான், யாரும் எப்போதும் சொல்வதுதான். ஆனால் சோற்றை வைத்த இலைக்கு முன்னால் சொல்கிற பழமொழியா அது! சுதாகரன் எழுந்தான். கை கழுவினான். தோட்டையும் எடுத்துக்கொண்டே போய்விட்டான்.

அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. லக்‌ஷிகா வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அந்தத் தோடு இன்னும் சுதாகரனின் ஆட்டோவில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் காகிதப் பொட்டலமாகக் கிடந்தது. இப்போது வினோதாவுக்கு இரண்டாவதாக ஒரு பையன். "இதோட போதும்" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகவே சுதாகரனுக்கு இந்த ஜென்மத்தில் மிச்சமிருந்தது ஒரேயொரு காது குத்து. அந்த மடி தனக்குக் கிடைக்குமா என்று நினைத்து நினைத்து அவனுக்குத் தூக்கமே கெட்டுப்போயிருந்தது. ஆனால் வலியப் போய்க் கேட்க ரோஷம் விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வினோதா இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஆகாய விமானம் வந்தது.

சுற்றுலாக்காரர்களுக்கு மேலேயிருந்து மலையையும் டேமையும் காட்டுவதற்கென்று, ஒரு பறக்கும் பள்ளிக்கூடக்காரர்கள் தோட்டத்தின் நடுக்கணக்குப் பிரிவு மைதானத்தைக் கேட்டு வந்தார்கள். அந்தப் பக்கத்திலேயே சமதரை அது ஒன்றுதான். பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவதும் அங்கேதான். தோட்டத்துச் சங்கம் விடுமா? "எடுத்துக்கோங்க, ஆனா எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கு ஓட்டக் கத்துக் கொடுக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றது. டவுனில் ஒருவன், தேயிலை ஃபெக்டரியில் ஒருவன் என்று முடிவானது. சுதாகரன் முதல் ஆளாகப் போய் நின்றான். "ஆட்டோவுக்கும் மூணு சக்கரம், இதுக்கும் மூணு சக்கரம். என்ன பெரிய வித்தியாசம்?" என்றான். சேர்த்தும் கொண்டார்கள். முதல் நாள் மைதானத்துக்குப் போனால், ஃபெக்டரியிலிருந்து வந்து நின்ற மற்றவன், அங்கே மெஷின் பார்க்கிற கிஷாந்த்!

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். விமானம் பழக வந்த இடமாதலால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சொல்லிக் கொடுக்க வந்தவள் முனீரா. மஸ்கெலியாவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற இப்றாஹிம் நானாவின் மகள். வெளிநாட்டில் படித்து கெப்டனாகி வந்திருந்தாள். மகளுடைய குரலைக் கேட்பதற்காகவே நானா ஒரு ரேடியோப் பெட்டி வாங்கிக் கடையில் ரொட்டி வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தார். விமானத்தில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும்.

"பெரிய ஏர்போர்ட்டுல ஒசரக் கோபுரம் இருக்கும். நீ வா, நீ நில்லுன்னு அங்கேருந்து சொல்ல ஆள் இருக்கும்," என்றாள் முனீரா. "இங்க கோபுரமும் இல்ல, ஆளும் இல்ல. ஒங்க கோயில எல்லாரும் ஒரே பக்கமா வலம் வர்றீங்கல்ல, அதே மாதிரி மைதானத்தச் சுத்தணும். முனியாண்டி கோயில், அப்புறம் டேம், அப்புறம் ஃபெக்டரி, அங்கேருந்து நேரா எறக்கம். ஒவ்வொரு எடம் வந்ததும் எங்க இருக்கேன்னு ரேடியோவுல சொல்லணும்."

சுதாகரன் மஞ்சள் விமானத்துக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடுறீங்க?"

"ஹோர்ன் எங்க மிஸ்?"

"வாய்தான் ஹோர்ன்!"

அவளிடம் இருந்தவை இரண்டு குட்டி விமானங்கள். மஞ்சளுக்குச் சிறகு தலைக்கு மேலே, அதில் இருப்பவனுக்கு மேலே இருப்பது தெரியாது. வெள்ளைக்குச் சிறகு காலுக்குக் கீழே, அதில் இருப்பவனுக்குக் கீழே இருப்பது தெரியாது. "மஞ்சளுக்கு மேல வெள்ளை வந்துச்சுன்னா ரெண்டு பேரும் குருடு. அப்ப காப்பாத்துறது வாய் மட்டுந்தான்" என்று முனீரா படித்துப் படித்துச் சொன்னாள். தோட்டத்து ஜனம் அதற்குள் மஞ்சளை மஞ்சக்கிளி என்றும் வெள்ளையைக் கொக்கு என்றும் கூப்பிடத் தொடங்கிவிட்டது. சுதாகரனுக்கு மஞ்சக்கிளி, கிஷாந்துக்குக் கொக்கு.

ஓட்டுவதில் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். தனியாகப் பறக்கிற அளவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். வினையெல்லாம் வாயில்தான் இருந்தது. பேசாமல் இருந்தால் பறக்கவிட மாட்டாள், பேசலாம் என்றால் எதிரே இருப்பவன் பேச்சில்லாதவன். பேச்சில்லாத சொந்தக்காரர்கள் நம் வீடுகளில் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? பூனையைப் பார்த்துப் பேசுவார்கள், தூணைப் பார்த்துப் பேசுவார்கள். ஆகாயத்தில் தூணுக்கு எங்கே போவது? பொதுவாக எடுத்துவிட்டார்கள் சாடைப் பேச்சை.

"கொக்கு, டேமுக்கு மேல. உள்ள எடத்தத்தான் சொல்றேன். சில பேர் மாதிரி இல்ல."

"மஞ்சக்கிளி, கோயிலுக்கு மேல. சொந்த சீட்டுலதான் ஒக்காந்திருக்கேன். அடுத்தவன் மடியில இல்ல."

இப்றாஹிம் நானாவின் கடையில் இதைக் கேட்கவே கூட்டம் சேர்ந்தது. பால் கலக்காத பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு கொக்கு போட்டுச்சு பாரு ஒரு போடு!" என்று தொடை தட்டினார்கள். யாவாரம் நன்றாக நடந்ததால் நானாவும் கண்டுகொள்ளவில்லை.

சாடையைக்கூட முனீரா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. சுதாகரனுக்குக் கூடப்பிறந்த குணம் ஆகாயத்திலும் போகவில்லை. முனியாண்டி கோயிலுக்கு மேல் இருந்துகொண்டு, "இந்தா டேமுக்கு மேல" என்பான். டேமுக்கு வந்ததும், "ஃபெக்டரிக்கு மேல, இந்தா எறங்கிட்டேன்" என்பான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனீரா கேட்டாள்:

"சுதாகரன், கீழ என்ன தெரியுது?"

"முனியாண்டி கோயில் மிஸ்."

"வாய்ல என்ன வந்துச்சு?"

"டேம் மிஸ்."

"ஏன்?"

"அங்கதானே மிஸ் போய்க்கிட்டிருக்கோம்!"

முனீரா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கிஷாந்த் மட்டும் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவே இல்லை. மச்சானுடைய பொய்க்கு அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். அவர் டேம் என்றால் கோயில், ஃபெக்டரி என்றால் டேம். ஒரு இடத்தைக் கழித்துவிட்டால் சரியாக வரும். அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை, மோதலும் நேரவில்லை.

கடைசியில் முனீரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ பொய்யான எடத்தச் சொன்னீங்க, நேரா ஆட்டோவுக்கே போயிரலாம்." சுதாகரன் ஆடிப்போனான். அன்று சாயங்காலமே முனியாண்டி கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தி, "இனிமே ஆகாசத்துல பொய் சொல்ல மாட்டேன் சாமி. ரோட்டுல சொல்றத மட்டும் கண்டுக்காதீங்க" என்று சத்தியம் செய்துவிட்டு வந்தான். நல்ல காரியந்தான். ஆனால் அதைக் கிஷாந்துக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சுதாகரன் நானாவின் கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சேதி காதில் விழுந்தது. வினோதாவின் சின்னவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காது குத்தாம். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்றாம். பிளேன்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். மைதானத்துக்குப் போய் மஞ்சக்கிளியின் டயருக்கு முன்னால் குந்தினான். பின்னால் கிஷாந்த் ஒரு பையோடு வந்து நிற்பது தெரிந்தது. திரும்பாமலே டயரைப் பார்த்து, "சில வீட்டுல காது குத்தாம்! நமக்கென்ன வந்துச்சு? நம்ம காதுலதான் எப்பவோ பூச் சுத்தியாச்சே!" என்றான். பைக்குள் கையை விட்டிருந்த கிஷாந்த் கையை வெளியே எடுத்தான். பையைக் கொக்கின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டான்.

இரண்டு பேரும் தனித்தனியாகக் கிளம்பினார்கள். கீழே முனீரா கைரேடியோவோடு நின்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து, லயத்தில் மாடு வளர்க்கிற மூக்கனின் பசு மைதானத்தின் நட்டநடுவில் வந்து படுத்துக்கொண்டது. ரேடியோவை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு அவள் பசுவை விரட்ட ஓடினாள். அது அசைவேனா என்றது.

மேலே சுதாகரன் வந்துகொண்டிருந்தான். கீழே எட்டிப் பார்த்தான். ஃபெக்டரிப் புகைபோக்கி நேர் கீழே நின்றது. சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது.

"மஞ்சக்கிளி, ஃபெக்டரிக்கு மேல. எறங்குறேன்."

கிஷாந்த் வழக்கமான கணக்கைப் போட்டான். ஃபெக்டரி என்றால் டேம். ஆகவே மச்சான் தனக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கிறார்.

"கொக்கு, ஃபெக்டரிக்கு மேல. எறங்குறேன்."

சுதாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘நான் சொன்னதையே திருப்பிச் சொல்லி நக்கல் பண்றானா!’ பல்லைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தான். காலை வெயிலில் தேயிலைச் சரிவின் மேல் அவனுடைய நிழல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு நிழல். அது இதை நெருங்கிக்கொண்டிருந்தது. சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கைகளைத் தூக்கி எதற்கோ அலறினார்கள். மேலே பார்த்தான். மஞ்சள் சிறகுதான் தெரிந்தது. ரோஷம், சாடை எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மாப்ள! மாப்ள! நான் ஃபெக்டரிக்கு மேல இருக்கேன்!"

"சில பேர் ஃபெக்டரின்னா அது டேம்னு ஊருக்கே தெரியும்," என்றது கொக்கு, நிதானமாக.

"ஐயோ இல்ல மாப்ள, நெசமா ஃபெக்டரி!"

"நெசம்னா?"

"முனியாண்டி மேல சத்தியமா!"

"லயத்துக்குக் கீழ நிக்கிறேன்னு சொன்ன வாய்தானே அது?"

"எம் மருமக லக்‌ஷிகா மேல சத்தியம் மாப்ள! நான் ஒங்களுக்கு நேரா கீழ இருக்கேன், நெழல் ரெண்டும் ஒட்டப்போவுது, ஏறுங்க மேல!"

அந்தப் பெயரை வைத்து மச்சான் பொய் சொல்லமாட்டார் என்று கிஷாந்துக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மேலே இழுத்தான். சுதாகரனின் தலைக்கு மேல் இடி உருண்ட மாதிரி ஒரு சத்தம். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு சக்கரங்கள் தோன்றி, அப்படியே உயர்ந்து போயின. கீழே நிழல்கள் பிரிந்தன.

மஸ்கெலியாவில் இப்றாஹிம் நானா ஒருவருக்கு ஊற்றிக்கொண்டிருந்த பிளேன்டி கோப்பை நிறைந்து மேசையில் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான்," என்றது கொக்கு. "இப்பத்தான் திரும்பிப் பார்த்தேன். ஒங்க கூரை... கைய நீட்டியிருந்தா தொட்டிருப்பேன்."

"எனக்கு வேர்த்து ஊத்துது மாப்ள."

"நீங்க மொதல்ல எறங்குங்க மச்சான். நான் மேல சுத்திக்கிட்டு காத்திருக்கேன்."

காத்திருக்கேன் என்ற சொல் சுதாகரனை எங்கேயோ குத்தியது. "அன்னிக்கு இதே மாதிரி காத்திருந்திருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டான்.

"அன்னிக்கு இதே மாதிரி எங்க இருக்கீங்கன்னு உள்ளதச் சொல்லியிருந்தா, சாயங்காலம்வரைக்கும் காத்திருந்திருப்பேனே! நீங்க கோயில் வளைவு கோயில் வளைவுன்னீங்க. நான் கோழியோடதானே நின்னேன்!"

சுதாகரன் பேசாமல் இறங்கலாம் என்று பார்த்தால் மைதானத்தில் பசு. பக்கத்தில் குடையோடு முனீரா அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவனும் மேலே ஏறினான். ஒருவன் கோயிலுக்கு மேலேயும் ஒருவன் டேமுக்கு மேலேயுமாக, ஒழுங்காக இடத்தைச் சொல்லிக்கொண்டு வலம் வந்தார்கள்.

"மஞ்சக்கிளி, கோயிலுக்கு மேல. மாப்ள, நீங்க போசனம் கெடையாதுன்னது தப்பு."

"கொக்கு, டேமுக்கு மேல. தப்புதான் மச்சான். வாய் தவறி வந்துருச்சு. வினோதா இன்னிவரைக்கும் திட்டிக்கிட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை சின்னவனுக்குக் காது குத்து. வந்துருங்க."

"மஞ்சக்கிளி, டேமுக்கு மேல. ஆகாசத்துல கூப்புட்டா அது அழைப்பா? வெத்தல பாக்கோட வந்து கூப்புடணும்."

"வெத்தல பாக்கு என் சீட்டுக்கு அடியில இருக்கு மச்சான். ஊரைப் பொம்பளைங்க கூப்பிட்டாங்க, ஒங்கள நானே கூப்பிடணும்னு காலையில கொண்டாந்தேன். நீங்க டயர்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க."

சுதாகரன் மெல்லக் கேட்டான். "அப்ப... மடி?"

"ஒங்க மடிதான் மச்சான். வேற யாரு மடி? ஒரே ஒரு கண்டிஷன். எங்க இருக்கீங்கன்னு கேட்டா உள்ளதச் சொல்லணும்."

பசு எழுந்தது. முனீரா மூச்சு வாங்க ஓடிவந்து ரேடியோவை எடுத்தாள். "அங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்ல மிஸ்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

கீழே இறங்கியதும் கிஷாந்த் தட்டுக்கூட இல்லாமல், கடதாசியில் வெற்றிலையும் பாக்கும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். சுதாகரன் வாங்கி, அப்படியே அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். கட்டிக்கொண்ட கையில் வெற்றிலை பின்பக்கமாகத் தொங்க, மூக்கனின் பசு வந்து பாதியைத் தின்றுவிட்டது. அப்பாவிடமிருந்து போனில் முழுக்கதையும் கேட்டுவிட்ட முனீரா அடுத்துக் கொடுத்தாளே பேச்சு, அதை இங்கே எழுத முடியாது. அந்த மாதம் முழுக்க இரண்டு பேருக்கும் தரையிலேதான் வேலை. மைதானத்துக்கு வேலி கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவனுக்குக் கடுக்கன் எடுத்துவர ஹட்டனுக்குப் போனான் சுதாகரன். திரும்பும்போது எங்கே மாட்டினான் என்று நினைக்கிறீர்கள்? நோர்வூட்டிலேதான்! பஸ் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. போன் அடித்தது.

"மச்சான், எங்க வர்றீங்க?"

"இந்தா வ..." என்று கிளம்பிய நாக்கைக் கடித்துக்கொண்டான். "மாப்ள, நான் இன்னும் நோர்வூட்டுலதான் இருக்கேன். பஸ் குறுக்க நிக்குது. நேரமாகும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"என்ன மாப்ள, நேரம் போயிருமா?"

"அது இல்ல மச்சான். ஆட்டோக்காரன் வாயால இப்படி ஒரு சொல்ல நான் கேட்டதே இல்ல," என்றான் கிஷாந்த். "மெதுவா வாங்க. ஐயரக் கேட்டு அடுத்த நல்ல நேரத்துல வச்சிக்கலாம். நாங்க காத்திருக்கோம்."

அப்புறம் வழியெல்லாம் போன்தான். "நோர்வூட் பாலம் தாண்டிட்டேன்." "டவுனுக்கு வந்துட்டேன்." "கோயில் வளைவு, நெசமான கோயில் வளைவு." லயத்து வாசலில் ஆட்டோவை நிறுத்தியபோது ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மதுரன் முன்னெச்சரிக்கையாகப் பத்தடி தள்ளியே நின்றான். வினோதா அண்ணனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுதாகரன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சின்னவனைத் தூக்கி வருவதற்குள், பட்டுப் பாவாடையோடு லக்‌ஷிகா குறுக்கே ஓடிவந்து அவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்கு புள்ள, தம்பிக்குத்தான் காது குத்து," என்றாள் வினோதா.

"நாந்தான் மொதல்ல. எனக்கு மாமா மடி கெடைக்கவே இல்லல்ல?"

சுதாகரன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய காகிதப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்து, அவள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, அன்று போடாத தோட்டைப் போட்டுவிட்டான். அவள் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள்:

"எனக்குக் காது குத்துனப்போ நீங்க எங்க மாமா இருந்தீங்க?"

வீடே அவனைப் பார்த்தது.

"நோர்வூட்டுல கண்ணு," என்றான் சுதாகரன். "நோர்வூட்டுலதான் இருந்தேன்."